சுண்ணாம்பு தடவாத கலயம்

இரவு ஜெபத்தில் அப்பா தூங்கிவிடுவார். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். சம்மணம் போட்டு, சுவரில் சாயாமல், நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவார். அம்மா வேதத்தைத் திறந்து இரண்டாம் வசனத்துக்கு வருவதற்குள் அவர் தலை மெல்ல முன்னுக்குச் சரியும். சின்னத் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். அம்மா வாசிப்பை நிறுத்தாமலே அவன் தொடையில் ஒரு கிள்ளு வைப்பாள். கடைசியில் 'ஆமென்' வரும்போது மட்டும் எங்கள் எல்லோரையும்விட அப்பாவின் குரல்தான் உரக்கக் கேட்கும். அந்த இடம் வந்துவிட்டது என்று தூக்கத்தில் அவருக்கு எப்படித் தெரிந்தது என்பதை இந்த வயதிலும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

தூங்காமல் என்ன செய்வார், பாவம். பனையேறி. பங்குனி பிறந்தால் ஆவணி வரைக்கும் கோழி கூவுமுன் எழுந்து போக வேண்டும். 30, 40 மரம்; காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள்பெட்டி, கையில் முருக்குத்தடி. மரம் உரசி உரசி நெஞ்சில் தோல் தடித்துப்போயிருக்கும். சின்ன வயதில் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறேன், அவருக்கு உறைக்காது. எங்கள் ஊர் குதிரைமொழித் தேரியை ஒட்டி இருக்கிறது. திருச்செந்தூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், சிவப்பு மணல் மேடு மேடாகக் கிடக்கும். அதில் நிற்கிற பனையின் உச்சியிலிருந்து பார்த்தால் மெய்ஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் தெரியும் என்பார் அப்பா. வேல்ஸ் நாட்டிலிருந்து வந்த ஜான் தாமஸ் ஐயர் கட்டிய கோயில் அது; போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்போம். கோபுரம் 192 அடி. "ஐயர் பிரசங்க பீடத்துல நின்னு ஆண்டவரைப் பாக்காரு. நான் அதுக்கும் மேல நிக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

வாசிப்பு முடிந்ததும் ஆச்சி ஜெபம் பண்ணுவாள். அப்பாவைப் பெற்றவள். எழுத்துத் தெரியாது. பாம்படம் போட்டு வளர்த்த காது தோள் வரை தொங்கும், ஆனால் பாம்படம் கிடையாது; அது சித்தப்பாவின் படிப்புக்குப் போய்விட்டது. கண்ணை மூடிக்கொண்டு அவள் ஜெபிக்கும்போது அந்த வெறுங்காது இரண்டும் தோளில் இடித்து இடித்து ஆடும். நான் ஒரு கண்ணைத் திறந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆச்சியின் ஜெபம் நீளம். தூத்துக்குடி மில்லில் வேலை பார்க்கிற மாமா, கொழும்புக்குப் போய்க் கடிதம் போடாத பெரியப்பா, பிரசவத்துக்கு வந்திருக்கிற பக்கத்து வீட்டுப் பெண், பால் மறத்த மாடு என்று ஊரைச் சுற்றிக்கொண்டு கடைசியில் வீட்டுக்குள் வருவாள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

"ஆண்டவரே, இந்த வீட்டுல கொஞ்ச நாளா குழம்புல புளி கூடிக்கிட்டு வருது. சமைக்கிற கைக்கு நிதானத்தைத் தாரும்."

அடுத்தது அம்மாவின் முறை. அம்மா குரலை உயர்த்த மாட்டாள். "பெரியவங்களுக்கு இந்த வயசுலயும் நல்ல நாக்கைக் குடுத்திருக்கிற தேவனுக்கு ஸ்தோத்திரம். அதே நாக்குல கொஞ்சம் பொறுமையையும் வச்சருளும் சுவாமி."

எல்லோருமாக 'ஆமென்'. அப்பாவுடையது உரத்து.

மறுநாள் குழம்பில் புளி குறைந்திருக்கும். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். மாமியாரும் மருமகளும் இதையே அடுப்படியில் நேருக்கு நேர் சொல்லியிருந்தால் பாத்திரம் பறந்திருக்கும். பிற்பாடு பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்தபோது ஜெபத்தைப் பற்றி எத்தனையோ விளக்கங்கள் கேட்டேன். துதி, அறிக்கை, விண்ணப்பம் என்று வரிசைப்படுத்திச் சொல்லித் தந்தார்கள். புளியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரே கூரைக்குக் கீழே இருக்கிற இரண்டு பேர் மூன்றாவதாக ஒருவரை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு மனசில் இருப்பதைக் கொட்டுவதும் ஜெபம்தான் என்று நான் நினைக்கிறேன். அந்த மூன்றாமவருக்கும் கொஞ்சம் சிரிப்பு வந்திருக்கும்.

ஜெபம் முடிந்ததும் ஆளுக்கொரு சில்லுக்கருப்பட்டி கிடைக்கும். உள்ளதைச் சொன்னால் நாங்கள் பிள்ளைகள் தவறாமல் வந்து உட்கார்ந்தது அதற்குத்தான். சுக்கும் மிளகும் நாக்கில் சுறுசுறுவென்று ஏறும்போது அம்மா வேதத்தை மஞ்சள் துணியில் சுற்றி மாடத்தில் வைப்பாள். அப்பா அதற்குள் பாயில் விழுந்திருப்பார்.

பனைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இதை வைத்து எங்கள் பக்கத்தில் எத்தனை தலைமுறையாகப் பிரச்சினை நடந்திருக்கும் என்று பனையேறிக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். பாளையை அன்றாடம் சீவ வேண்டும். சீவாமல் விட்டால் வெட்டுமுகம் காய்ந்து ஊற்று அடைந்துவிடும். வருஷத்தில் ஆறு மாதப் பிழைப்பு அந்த ஊற்றில் இருக்கிறது. கோயிலிலோ பத்துக் கட்டளையைச் சொல்லும்போது ஓய்வுநாள் கட்டளையும் வரும். பனையேறிகள் தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள். கண்டிப்பான ஐயர்மாரும் உண்டு, கண்டும் காணாமல் இருந்தவர்களும் உண்டு.

அப்பா ஒரு வழி வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் ஏறுவார். இருட்டோடு ஏறி, இரண்டாம் மணி அடிப்பதற்குள் இறங்கிக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக் கோயிலுக்கு வந்துவிடுவார். ஆனால் அன்றைக்கு இறக்கின பதனியைக் காய்ச்சக் கூடாது, விற்கவும் கூடாது. யார் வந்து கேட்டாலும் குடிக்கக் கொடுத்துவிட வேண்டும். சுண்ணாம்பு போட்டிருந்தாலும் பதனி எவ்வளவு நேரம் தாங்கும்? சாயங்காலத்துக்குள் காலியாக வேண்டும். எனவே ஆராதனை முடிந்து வருகிற ஜனமெல்லாம் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். அப்பா ஓலையை மடித்துப் பட்டை பிடித்துக் கொடுப்பார். நான் மாங்காயை நறுக்கிப் போடுவேன். சிலர் நுங்கை வழித்துப் போட்டுக் குடிப்பார்கள்.

வைகாசி விசாகத்துக்கு முந்தின ஞாயிறுகளில் திருச்செந்தூருக்கு நடந்து போகிறவர்கள் வருவார்கள். வெறுங்காலில் மணல் சுட்டு, உதடு வெடித்து வருவார்கள். பட்டையை இரண்டு கையாலும் ஏந்தி ஒரே மூச்சில் குடித்துவிட்டு "முருகா" என்பார்கள். அப்பா "சரிப்பா, நிழல் பாத்துப் போங்க" என்பார். சபையில் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. கோயில் காரியமாக ஒதுக்கின பதனியை அந்தச் சாமி கும்பிடப் போகிறவனுக்கு ஊற்றுகிறாரே என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டார். உபதேசியாரும் வந்து கேட்டார். நான் திண்ணையில் இருந்தேன், அப்பா சொன்னது காதில் விழுந்தது.

"ஐயா, ஞாயித்துக்கிழமைப் பதனி எனக்குச் சொந்தமில்ல. சொந்தமில்லாததை ஆருக்குக் குடுக்கணும்னு நான் எப்படிச் சொல்ல?"

உபதேசியார் ஒரு பட்டை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

தசமபாகம் என்பது பத்தில் ஒன்று. ஏழில் ஒரு நாளைக் கொடுத்தவர் அதையும் தாண்டிவிட்டார் என்பது அப்பாவுக்குத் தோன்றியிருக்காது, அவருக்குக் கணக்கு வராது. அம்மாவுக்கு வரும். வாரத்தில் ஒரு நாள் கருப்பட்டி போனால் ஆடி முடிவில் எத்தனை போயிருக்கும் என்று அவளுக்கு மனக்கணக்காகவே தெரியும். ஆனாலும் அவள் அதைப் பற்றி முணுமுணுத்து நான் கேட்டதில்லை. காரணம் எனக்கு விளங்கினது நானே அடுப்புக்கு முன்னால் நிற்க ஆரம்பித்த பிறகுதான்.

விடிலியில் பதனி காய்ச்சுகிற வேலையைப் பார்த்திருக்கிறீர்களா? ஓலைக் குடிசை. குனிந்துதான் நுழைய வேண்டும். நடுவில் மண் அடுப்பு, அதன்மேல் அகலச் சட்டி. உடைமுள்ளும் காய்ந்த ஓலையுமாக எரிக்க வேண்டும். ஓலை பட்டென்று பிடித்துப் பட்டென்று அணையும், ஆகவே கையை எடுக்க முடியாது. பதனி முதலில் வெள்ளையாக நுரைக்கும். பிறகு பொன்னிறமாகும். ஒரு கட்டத்தில் நுரை திடீரென்று சட்டியின் விளிம்புக்கு ஏறும். அந்த நேரத்தில் அம்மா இடித்து வைத்த ஆமணக்கு முத்தில் ஒரு சிட்டிகை எடுத்துப் போடுவாள். நுரை அப்படியே உட்கார்ந்துவிடும். ஏதோ அதட்டினதுக்கு அடங்கினது போல இருக்கும், எனக்கு அதைப் பார்க்க அவ்வளவு ஆசை. பாகு இறுகியதா என்று தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். மணிக்கணக்கில் வேலை. புகையில் கண் ரத்தச் சிவப்பாக இருக்கும். சித்திரை வெயிலில் விடிலிக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அடுப்பு எரியாது. அப்பா மரம் ஏறினார், அம்மா உட்கார்ந்தாள். ஓய்வுநாள் எங்கள் வீட்டில் உண்மையில் அவளுக்குத்தான் கிடைத்தது. அப்பா இதை யோசித்துத்தான் செய்தாரா என்று அம்மாவிடம் பல வருஷம் கழித்துக் கேட்டேன். "அவுக எங்க யோசிச்சாக" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "யோசிச்சாலும் சொல்ல மாட்டாக" என்றாள். ஞாயிறு மத்தியானங்களில் திண்ணையில் உட்கார்ந்து என் தலையை மடியில் வைத்து ஈர்கொல்லியால் வாருவாள். அன்றைக்கு மட்டும் அவள் கையில் புகைவாசம் இருக்காது, தேங்காய் எண்ணெய் வாசம்தான். தலை வலிக்க வலிக்க வாருவாள். நான் எழுந்து ஓடாமல் கிடப்பேன்.

இப்போது ஈஸ்டர் ஆப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பந்தப்பட்டவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை என்பதால் தைரியமாகச் சொல்லலாம்.

1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு வந்தது. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்தக் காலத்தில்தான். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதனி, தடவாமல் கட்டினால் கள். மரம் ஒன்றுதான், பாளை ஒன்றுதான். நடுவில் இருப்பது விரல் நுனிச் சுண்ணாம்பு. அந்த விஷயத்தில் சர்க்காரும் சபையும் ஒரே கட்சி. எங்கள் ஆச்சி அவர்கள் இருவரையும்விடக் கண்டிப்பு, ஏனென்றால் அவளுடைய அப்பா குடித்தே செத்தவர். வேறு மரத்தில் கள் இறக்குகிற ஆள் எங்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டால்கூட உள்ளே வராதே என்பாள், செம்பை வெளியே நீட்டுவாள்.

ஆனால் ஆப்பமாவு பொங்குவதற்குக் கள்ளைப் போல ஒன்றும் கிடையாது. உயிர்த்தெழுந்த ஞாயிறு பங்குனியிலோ சித்திரையிலோ வரும், பதனி நன்றாக ஊறுகிற காலம். முந்தின வெள்ளிக்கிழமை பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து வந்து எல்லோரும் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது ஆச்சி யாரையும் பார்க்காமல் சொல்வாள்: "அந்தக் கோணப்பனைக் கலயத்துக்குச் சுண்ணாம்பு தீந்துபோயிருக்கும்னு நினைக்கேன்."

அப்பா "இருக்கும்" என்பார்.

வருஷா வருஷம் அந்த ஒரு மரத்துக்கு, அந்த ஒரு நாளில், சுண்ணாம்பு தீர்ந்துபோகும்.

சனிக்கிழமை காலையில் சின்னக் குடுவையில் அது வரும். கூரையோரமாக வைத்துவிட்டு அப்பா பேசாமல் போய்விடுவார். ஊறின பச்சரிசியை ஆச்சியும் அம்மாவும் ஆட்டுக்கல்லில் அரைப்பார்கள். ஒருத்தி ஆட்ட, ஒருத்தி தள்ளிவிட, அன்றைக்கு இருவருக்கும் இடையில் ஒரு குறையும் இருக்காது. கடைசியில் தேங்காய்த் துருவலும் ஒரு பிடி சோறும் சேர்த்து, குடுவையில் இருப்பதை ஊற்றிக் கலக்கிப் பெரிய மண்பானையில் வைத்து ஓலைத்தட்டால் மூடிவிடுவார்கள். மிச்சக் கள்ளை ஒரு சொட்டு விடாமல் முருங்கை மூட்டில் கொட்டுவது ஆச்சியின் வேலை. அதையும் என்னை நிற்கவைத்துப் பார்க்கச் செய்துதான் கொட்டுவாள். சாட்சி வேண்டும் என்பாள்.

ராத்திரி எனக்குத் தூக்கம் வராது. விடியற்காலை ஆராதனைக்கு எழும்ப வேண்டும் என்ற பரபரப்பு ஒரு பக்கம், பானை ஒரு பக்கம். எழுந்துபோய்க் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே சின்னச் சின்னதாகப் பொரிகிற சத்தம் கேட்கும். கோயிலுக்குப் புறப்படும்போது பார்த்தால் தட்டு ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நிற்கும், மாவு விளிம்பைத் தாண்டி வழிந்திருக்கும். கல்லறைத் தோட்டத்தில் மெழுகுவத்தி கொளுத்திப் பாட்டுப் பாடி, ஆராதனை முடிந்து, வெளுத்த பிறகு திரும்பி வந்தால் ஆப்பச்சட்டி அடுப்பில் ஏறும். ஓரம் முறுமுறு, நடுவில் பஞ்சு. கருப்பட்டி போட்ட தேங்காய்ப் பால்.

ஒரு ஈஸ்டருக்கு உபதேசியார் வீட்டுக்கு வந்திருந்தார். மூன்று ஆப்பம் ஆனதும் நிறுத்தி, கையில் இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எம்மா, எங்க வீட்டுல இப்படி எழும்ப மாட்டேங்குதே. இது எப்படி இவ்வளவு எழும்பியிருக்கு?"

அம்மா சட்டியைச் சுழற்றுவதை நிறுத்திவிட்டாள். அப்பா வெளியே எதையோ பார்த்தார். ஆச்சிதான் சொன்னாள்.

"இன்னைக்கு எழும்புற நாளுல்லா ஐயா. எல்லாம் எழும்பும்."

அவர் இன்னும் இரண்டு கேட்டு வாங்கினார். அதற்குமேல் விசாரிக்கவில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது, அவரும் பனையேறி மகன்தான். கொஞ்ச நாளில் அவரே, மாவில் புளிப்பை அடக்கிவைத்த பெண்ணைப் பற்றி இயேசு சொன்ன உவமையை எடுத்துப் பிரசங்கம் பண்ணினார். பெண்கள் பக்கத்தில் இருந்து ஆச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தொலைந்த காசுக்கு வீட்டைப் பெருக்குவதும், மாவு புளிப்பதும், உப்பு சாரமற்றுப் போவதும் இயேசுவுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? தாயின் பின்னாலேயே அடுப்படியில் சுற்றிய பிள்ளையாக இருந்திருக்கிறார் என்பதுதான் என் முடிவு. இதற்கு வேதபண்டிதர்களிடம் ஆதாரம் கேட்கப் போவதில்லை.

இதையெல்லாம் சொன்னால் எங்கள் வீடு சந்தோஷமாகவே இருந்தது போலத் தோன்றும். இருந்தது. பசியும் இருந்தது. அதை விட்டுவிட்டுப் பேசினால் மற்றதெல்லாம் பொய்.

சோறு ராத்திரிக்கு மட்டும்தான். பகலில் பதனி, கூழ், தையில் என்றால் பனங்கிழங்கு. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று பேசினார்கள். பிறகு சென்னையிலும் கோயம்புத்தூரிலும் ரூபாய்க்கு ஒரு படி போடுகிறார்கள் என்று பஞ்சாயத்து ரேடியோவில் கேட்டோம். தேரிக்காட்டுக்கு அந்த அரிசி வரவில்லை. அம்மா உழக்கால் அளந்து சுளகில் கொட்டிக் கல் பொறுக்குவாள். களைவதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி, சுவரில் தொங்குகிற ஓலைக்கொட்டானில் போடுவாள். பிடி அரிசிக் காணிக்கை. எங்கள் பக்கத்துச் சபைகளில் பெண்கள் செய்கிற வழக்கம். நாளைக்கு ஒரு பிடி என்றால் மாதக் கடைசியில் ஒரு படியை ஒட்டி வரும்.

அவள் அள்ளுகிற இடத்தைக் கவனிக்க வேண்டும். அரிசிப் பானையில் இருந்து தனியாக ஒரு பிடி எடுத்துப் போட்டுவிட்டு, பிறகு சமையலுக்கு முழுதாக அளந்துகொள்ளலாம். பக்கத்து வீடுகளில் அப்படித்தான் செய்தார்கள். அம்மா சமையலுக்கு அளந்ததில் இருந்துதான் எடுப்பாள். ஏன் என்று கேட்டேன்.

"பானையில இருக்கது நாளைக்கு உள்ளது. நாளைக்கு உள்ளதை எடுத்துக் குடுக்க நான் ஆரு? இன்னைக்கு உள்ளதுதான் நம்மது."

இதைக் கேட்டபோது நான் வாயடைத்துப் போனேன். இன்றும் இதைவிடத் தெளிவாகக் காணிக்கையைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆனால் இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அளந்ததில் ஒரு பிடி குறைந்தால் சோற்றில் ஒரு ஆளுக்குக் குறையும். முதலில் அப்பாவுக்கு, பிறகு ஆச்சிக்கு, தம்பிகளுக்கு, எனக்கு என்று போட்டு வந்தால் அந்தக் குறைச்சல் யார் தட்டில் வந்து நிற்கும்? அம்மா கொடுத்தது வீட்டின் காணிக்கை இல்லை. அவளுடைய கடைசி உருண்டை.

சாறிபாத் ஊர் விதவையைப் பற்றிப் பிரசங்கம் வரும்போதெல்லாம், எலியாவுக்கு அடை சுட்டுக் கொடுத்த பிறகு அவள் வீட்டுப் பானையில் மாவு குறையவே இல்லை என்று சொல்வார்கள். எங்கள் பானை குறைந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பனையும் இல்லை, ஓலைப்பெட்டி வாங்க ஆளும் இல்லை. அப்போது பலமுறை அடிதெரியத் தீர்ந்தும் போயிருக்கிறது. உலை வைக்காத நாளில் பிடியும் கிடையாது. இல்லாததைக் கொடுத்துக் காட்டுகிற வீம்பு அம்மாவிடம் இல்லை. ஒரு தரம் பக்கத்து ஊரில் மூன்று நாள் நற்செய்திக் கூட்டம். வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார், கர்த்தருக்கு ஒன்று கொடுத்தால் நூறாகத் திரும்ப வரும் என்று கையை விரித்து விரித்துச் சொன்னார். நடந்து திரும்பும்போது அம்மா சொன்னாள்: "வட்டிக்கடைக்காரர் மாதிரியில்லா பேசுதாரு." அடுத்த இரண்டு நாளும் அவள் போகவில்லை.

அம்மா தட்டில் வந்து நின்ற குறைச்சலைக் கண்டுபிடித்தவள் ஆச்சி. கண்டுபிடித்து என்ன சொன்னாள் என்றால், ஒன்றும் சொல்லவில்லை. திடீரென்று அவளுக்கு வயிறு சரியில்லாமல் போயிற்று. தட்டில் பாதியை வைத்துவிட்டு, "எனக்கு இறங்கல. கொட்டினா பாவம். நீ தின்னு" என்று அம்மா பக்கம் தள்ளுவாள். அம்மாவுக்கு மாமியாரின் எச்சிலைத் தின்ன ரோஷம். ஆகவே ஆச்சி அடுத்த நாளிலிருந்து தட்டில் கை வைப்பதற்கு முன்பே பாதியைப் பிரித்துவிடத் தொடங்கினாள். அந்த வாரம் இரவு ஜெபத்தில் புளியைப் பற்றியும் நாக்கைப் பற்றியும் பேச்சே வரவில்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

மாதக் கடைசி ஞாயிறு பெண்கள் கொட்டானைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் விரித்த பாயில் கொட்டுவார்கள். ஆராதனை முடிந்ததும் அந்தக் குவியலை ஏலம் விடுவார்கள். பணம் மிஷனெரிக் காணிக்கையில் சேரும் என்பார் உபதேசியார். 1903இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனெரிச் சங்கத்தை எங்கள் ஊரார் சொந்தவீட்டுக் காரியமாகவே பேசுவார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அசரியா பக்கத்து வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகித் தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல்லுக்குப் போனவர். திருநெல்வேலியைத் தாண்டிப் போகாத அம்மா உபதேசியாரைப் பார்த்தால் கேட்பாள், "தெலுங்கு நாட்டுல இந்த வருஷம் மழை உண்டா ஐயா?" தன் அரிசி போன ஊர் அல்லவா, விசாரிக்க உரிமை இருக்கிறது என்று நினைத்தாள்.

இது எங்களுக்கு மட்டும் உரிய வழக்கம் இல்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். மிசோரமில் சபைப் பெண்கள் 1910 முதல் இதே போலப் பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள். கல்யாணமாகிச் சென்னையில் ரயில்வே குடியிருப்பில் இருந்தபோது எங்கள் எதிர்வீட்டு மாமியிடமும் ஒரு டப்பா இருந்தது. காஞ்சிப் பெரியவர் சொன்னது என்றார். அரிசியோடு ஒரு காசும் போட்டு வைப்பார், அது சமைக்கிற செலவுக்கு. ஏழைகளுக்குச் சோறாகப் போகும் என்றார். நான் ஊருக்குப் போகிற நாட்களில் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுப் போவேன். திரும்பி வந்து பார்த்தால் என் டப்பாவில் அரிசி ஏறியிருக்கும். "நீ இல்லேன்னா உங்க சுவாமி பட்டினியா கிடக்கணுமா என்ன?" என்பார். அவர் பிள்ளையைப் பார்க்கத் தில்லிக்குப் போனபோது அவர் டப்பாவில் நான் போட்டேன், காசும் சேர்த்து.

இப்போது பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் வேலைக்குப் போகிறாள். குக்கரில் அரிசி வைப்பது பாதி நாள் மகன்தான். இரவு ஜெபம் உண்டு, ஆனால் சுருக்கம், யாராவது ஒருவருக்கு போன் வந்துவிடும். குறை சொல்லவில்லை, தூங்கினவர் ஜெபத்தையே ஏற்றுக்கொண்டவர் இதையும் ஏற்றுக்கொள்வார். பிடி அரிசி டப்பாவை மட்டும் நான் விடவில்லை. அரிசி எடுக்கிறவர் யாரோ அவர்தான் பிடியும் எடுக்க வேண்டும், எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற பேச்சுக்கே இடமில்லை. பெண்களின் வயிற்றிலிருந்து எடுத்த காணிக்கையைப் பிரசங்க பீடத்திலிருந்து எவ்வளவு புகழ்ந்தாலும், அதை வாங்கியவர்கள் அந்தத் தட்டை ஒரு முறையாவது எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஆச்சிதான் பார்த்தாள்.

எங்கள் சேகரத்தில் இன்றும் மாதக் கடைசி ஞாயிறு ஏலம் நடக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. புழுங்கலும் பச்சரிசியும் ரேஷன் அரிசியும் பொன்னியும், நடுவில் யாரோ போட்ட பாசுமதியும் கலந்து கிடக்கும். பொங்கினால் ஒன்று குழையும்போது இன்னொன்று நறுக்கென்று நிற்கும். அதனால் கோழி வளர்க்கிறவர்கள் வந்து அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள். போன மாதம் போட்டிக்கு நின்று நான் எடுத்தேன். ஊறப்போட்டு அரைத்து ஈஸ்ட் போட்டு ஆப்பம் சுட்டேன், நன்றாகவே எழும்பியது. உங்கள் சபையிலும் இந்த ஏலம் உண்டென்றால் கோழிக்கு விட்டுவிடாதீர்கள். கூடக் கேட்டு எடுங்கள். சோற்றுக்குத்தான் ஆகாது, மாவுக்கு அருமையான அரிசி.